டில்லிக்குப் போன பன்னிரண்டு புட்டி ஈக்கள்

ரயில் ஆறு மணி நேரம் தாமதமாக டில்லிக்குள் நுழைந்தபோது, என் மடியிலிருந்த ஈக்கள் எல்லாம் செத்துவிட்டன என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் நூறுக்குக் குறையாமல் பழ ஈக்கள். வாயில் பஞ்சடைப்பு, அடியில் வெல்லமும் வாழைப்பழமும் சோளமாவும் சேர்த்துக் கிண்டிய களி. சென்னையில் ஏறும்போது புட்டி முழுக்கப் பறந்துகொண்டிருந்தவை, ஆக்ரா தாண்டியதும் ஒவ்வொன்றாகக் களியின்மேல் விழுந்து காலை மடக்கிக்கொண்டன. டில்லியின் ஜனவரிக் குளிரைப் பற்றி ஊரில் எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. எல்லோரும் என்னை நினைத்துத்தான் கவலைப்பட்டார்கள். ஈயை யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பூச்சிகளை வளர்ப்பதுதான் வேலையே. டில்லிக்கு மேற்கே, ஜனக்புரிக்கும் அப்பால், கோதுமை மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்றில் மழைக்காலத்தில் விபத்து நடந்திருந்தது. அடுத்த அறையில் இருந்த பூச்சிமருந்து டிரம்கள் துருப்பிடித்து ஒழுகி, மருந்து மழைத்தண்ணீரோடு கலந்து கிடங்குக்குள் ஓடிவிட்டது. சோடாவும் சுண்ணாம்பும் கரைத்து மூன்று தடவை கழுவியாகிவிட்டது. இனி அங்கே கோதுமை வைக்கலாமா என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் துறைத் தலைவரைக் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"விஷம் எவ்வளவு இருக்குன்னு மிஷின் சொல்லும், மரகதம். சாகுமா பிழைக்குமான்னு ஈதான் சொல்லும். நீ போயிட்டு வா."

டில்லியில் ஈ இல்லையா என்று ரயிலில் கேட்காத ஆளில்லை. எதிர் இருக்கையில் வந்த ராணுவக்காரர் புட்டியைப் பார்த்துத் தேனா என்று கேட்டார். ஈ என்றதும் அடுத்த பெட்டிக்குப் போய் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். டில்லி ஈக்கள் பல வருஷமாக மருந்தடி பட்டுப் பழகிப்போனவை. கொஞ்சநஞ்ச விஷம் அவற்றை ஒன்றும் செய்யாது. எங்கள் ஈக்கள் பதினைந்து வருஷமாகப் புட்டிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. மருந்து வாடையே அறியாதவை. துளி பட்டாலும் செத்துப்போகும். அந்தப் பலவீனத்துக்காகத்தான் அவற்றுக்கு மதிப்பு.

ஸ்டேஷனில் சங்கரபாண்டியன் காத்திருந்தார். ஏதோ ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா, எங்கள் தலைவருக்குக் கல்லூரித் தோழர். குரங்குக் குல்லாய்க்குள் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. மூடுபனியில் பிளாட்பாரத்தின் மறுகோடி தெரியவில்லை. பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"இல்லீங்க, இதை நானே வெச்சுக்கறேனுங்க."

"அப்ப நான் உங்கள மட்டும் தொலைக்காமக் கொண்டுபோய்ச் சேக்கணும், அம்புட்டுத்தானே," என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டர் பிடிக்கப் போனார். அங்கே ஆட்டோ ரிக்‌ஷாவுக்குப் பெயர் ஸ்கூட்டர். அது தெரியாமல், இருசக்கர வண்டியில் பன்னிரண்டு புட்டியோடு எப்படி உட்காருவது என்று நான் கலங்கி நின்றேன்.

ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் கட்டடங்கள். சங்கரபாண்டியனே ஒரு தடவை பக்கத்து பிளாக்கில் மாடியேறிவிட்டு இறங்கினார். கதவைத் திறந்தவர் அவர் மனைவி கோமதி. "ஏ யம்மா, கை என்ன இப்படிக் குளுந்து கெடக்கு! ஜல்தி உள்ள வா. முதல்ல காப்பியக் குடி, பெறவு பேசு."

நான் காப்பியை வைத்துவிட்டுப் பல்ப் கேட்டேன். சங்கரபாண்டியன் ஒரு மரப்பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டார். புட்டிகளை அதைச் சுற்றி அடுக்கினோம். கால் மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு ஈ பின்னங்காலை நீட்டியது. இன்னொன்று சிறகைத் துடைத்தது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு புட்டியும் உயிர் பெற்றுவிட்டன.

"ஈய வெரட்டத்தான் ஊர் உலகத்துல பாடுபடுவாக. எங்க வீட்டுல ஈக்கு ஹீட்டரு!" என்றார் கோமதி அக்கா.

மத்தியானம் சொதி. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் போட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் வைக்கும் குழம்பு. எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டிருந்தேன், சாப்பிட்டதில்லை. கோயம்புத்தூரிலிருந்து டில்லிக்கு வந்து திருநெல்வேலிச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருந்தது. அக்கா முக்கால்வாசி அவர் ஊர்த் தமிழில் பேசுவார். இடையிடையே "அச்சா" வந்துவிடும். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் ஜன்னல் வழியே இந்தியில் கத்திவிட்டு, அதே மூச்சில் என்னிடம், "ரசம் ஊத்தவா?" என்பார்.

மறுநாள் விடியும்போது கரண்ட் போய்விட்டது. எனக்குத் தெரியாது, ரயில் அசதியில் தூங்கிவிட்டேன். எழுந்துபோய்ப் பார்த்தால் மரப்பெட்டி காலி. அடுப்போரமாக ஐந்து புட்டிகள் இருந்தன. மீதி ஏழைக் காணவில்லை.

"பயப்படாத. உள்ள வச்சிருக்கேன், பத்திரமா," என்று அக்கா தன் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கம்பளி உடுப்புகளுக்கு நடுவே, ஒரு நல்ல காஷ்மீர்ச் சால்வையில் ஏழு புட்டிகளும் சுற்றிவைக்கப்பட்டிருந்தன. பெட்டி திறந்ததுமே அந்துருண்டை வாடை மூக்கில் அறைந்தது.

ஏழிலும் ஒரு ஈ மிச்சமில்லை. துணிப்பூச்சியைக் கொல்வதற்காக வைத்த அந்துருண்டைக்கு என் ஈக்கள் எம்மாத்திரம்?

அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நானா கொன்னுட்டேன்? கரண்டு போச்சே, குளுருமேன்னு போத்தினேன் மரகதம். சால்வ பத்தலன்னு அந்த அஞ்சையும் அடுப்புகிட்ட வச்சேன்."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு டில்லியில் இருந்த நாளெல்லாம் அது நிற்கவில்லை. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஐந்தில் ஒரு புட்டியை மட்டும் விதைபோல வீட்டில் விட்டேன். நாலு புட்டியைப் பெட்டியில் வைத்து, மாரோடு அணைத்து, மேலே என் போர்வையைச் சுற்றிக்கொண்டேன்.

பஸ் நிற்கும் இடத்தில் டில்லி பஸ் நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளி, வேகம் குறைகிற இடத்தில் ஓடி ஏற வேண்டும். மூன்று பஸ்ஸை விட்டு நாலாவதில் தொற்றினேன். உள்ளே மூச்சுவிட இடமில்லை. திடீரென்று ஒரு சர்தார்ஜி எழுந்து கூட்டத்தை அதட்டி எனக்கு இடம் பிடித்துத் தந்தார். "கைக்குழந்தைக்காரி நிற்கிறாள், கண் தெரியவில்லையா?" ஊரில் எங்கள் டவுன் பஸ்ஸில் இந்த மரியாதை கிடைத்ததே இல்லை. வெட்கத்தோடு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள், "எத்தனை மாதம்?" என்று போர்வையை மெல்ல விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுபடி மூடி, இறங்கும்வரை என்னோடு பேசவில்லை.

கிடங்கின் பொறுப்பாளர் கன்னா. ஐம்பது வயது, கழுத்தில் மஃப்ளர், கையில் எப்போதும் கண்ணாடித் தம்ளரில் டீ. பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் காட்டியது டீத் தம்ளரின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரு ஈயை.

"பாருங்கள் மேடம். இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தது. இது உயிரோடு இருக்கிறதே! இதற்குமேல் என்ன சோதனை? வெளியே பதினோரு லாரி கோதுமை நிற்கிறது. தூறல் விழுந்தால் போச்சு."

டில்லி ஈக்கும் எங்கள் ஈக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இந்திப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தில் பூச்சிமருந்து வரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "அதாவது, பலவீனமான ஈயைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்," என்றார்.

கிடங்கு வாசலில் ஒரு டிரம்மைப் பாதியாக வெட்டி, அதில் கட்டை எரித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குபவர்கள் ஐந்தாறு பேர் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி அந்த நெருப்பில் அவர்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பகவந்தி. கிடங்கில் சிந்தும் கோதுமையைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. கோதுமை இல்லாததால் கூட்டவும் ஒன்றுமில்லை. அவள் கணவனும் மூட்டை தூக்குபவன்தான், வேலை இல்லையென்று ஊருக்குப் போயிருந்தான். அவள் பேசிய இந்தி பாடப்புத்தக இந்தி இல்லை. எனக்குப் புரிந்ததைத் தமிழில் தருகிறேன்.

"உள்ளே ஏன் நடுங்குகிறாய்? இப்படி வா, உட்கார்."

பஸ் குளிரில் என் ஈக்கள் மறுபடி விழுந்து கிடந்தன. புட்டிகளை நெருப்பின் ஓரமாக வரிசையாய் வைத்தேன். பத்து நிமிஷத்தில் எழுந்துகொண்டன. பகவந்தி குனிந்து பார்த்துச் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு ரொட்டியும் ஒரு துண்டு முள்ளங்கியும் கொடுத்தாள். அப்படியே கடித்துத் தின்ன வேண்டுமாம். எங்கள் வீட்டில் முள்ளங்கியைச் சாம்பாருக்கு வெளியே யாரும் மதித்ததில்லை. அந்தக் குளிரில் அது நாக்கில் சுரீரென்று நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வேலை. தரையில் ஓரிடம், சுவரில் ஈரிடம் சுரண்டி எடுத்தேன். அந்தத் தூளை அசிட்டோனில் ஊறவைத்து, அசிட்டோனை, தனியே கொண்டுவந்த காலிப் புட்டியின் உட்புறமெங்கும் படும்படி உருட்டிக் காயவிட வேண்டும். விஷம் இருந்தால் அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புட்டிக்கு இருபது ஈ, குடிக்கச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. நாலாவது புட்டியில் வெறும் அசிட்டோன் மட்டும். அதைக் கன்ட்ரோல் என்போம். அதில் ஈ பிழைத்தால்தான் மற்றதில் செத்ததற்கு அர்த்தம் உண்டு. ஈக்களை ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பிடிப்போம். நடுவில் வலைத்துணி இருக்கும். மூட்டை தூக்குபவர்கள் வேலை செய்வதுபோல் பாவனை செய்வதைக்கூட விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெரியவர் காதைப் பிடித்துக்கொண்டு ராம ராம என்றார்.

நாலு புட்டியையும் மிச்ச ஈக்களையும் கன்னாவின் அறையில் மேஜை விளக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் எல்லாம் செத்துக் கிடந்தன. தரைப் புட்டி, சுவர்ப் புட்டிகள், கன்ட்ரோல். எந்தப் புட்டியிலும் சேராமல் மிச்சம் வைத்திருந்த ஈக்கள்கூட.

கன்னா கேலி செய்யவில்லை. செய்திருந்தால் பரவாயில்லை. எனக்கும் ஒரு டீ வரவழைத்து, அப்பாவைப்போலப் பேசினார். "டில்லி உங்கள் ஈக்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை மேடம். எல்லாம் செத்தால் அது சோதனையே இல்லை என்று நீங்கள்தான் நேற்றுச் சொன்னீர்கள். கழுவியபின் கெமிஸ்ட் மிஷினில் பார்த்துக் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு நான் கோதுமையை ஏற்றிவிடுகிறேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாளை ஒரு நாள் மட்டும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். வீட்டில் இன்னும் ஒரு புட்டி இருக்கிறது என்றேன். வானத்தைப் பார்த்தார், நாளை சாயங்காலம்வரை என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. குளிரா? விளக்கடியில்தானே இருந்தன. அந்துருண்டையா? இவை அந்தப் பெட்டிக்குள் போகவே இல்லை. என் கையில் ஏதாவது பட்டிருந்ததா? மூன்று தடவை கை கழுவினேன். நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பதைப் பார்த்துக் கோமதி அக்கா, "வா, மலைக்கோவிலுக்குப் போயிட்டு வருவோம். நட கொறஞ்சாத்தான் மனசு நிக்கும்," என்று இழுத்துக்கொண்டு போனார். நடையைக் குறைக்க நடக்கக் கூட்டிப்போன ஒரே ஆள் அவர்தான்.

முருகன் கோவில் குன்றின் அடியில் ஒரு தள்ளுவண்டிக்காரன் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கனலில் சுட்டு, தோலுரித்து, எலுமிச்சையும் மசாலாவும் தூவி விற்றுக்கொண்டிருந்தான். நான் நின்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இவன்கிட்ட வேண்டாம். பெயிண்ட் அடிச்ச ஜன்னல் கட்டைய ஒடச்சு எரிக்கான் பாரு. கெழங்கெல்லாம் பெயிண்ட்டாத்தான் மணக்கும். அங்கன ஒருத்தன் கரி போட்டுச் சுடுவான்."

நான் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பகவந்தி என்ன எரித்தாள்?

"அக்கா, நான் போகோணும்."

"சாமி கும்புடலையா?"

"வந்து கும்பிட்டுக்கறேனுங்க அக்கா."

கிடங்குக்கு ஸ்கூட்டர் பிடித்தேன். தௌலா குவான் தாண்டியதும் அது இருமி நின்றது. ஓட்டுநர் இறங்கி, எஞ்சினைத் திறந்து, என்னையே திருப்புளி பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். "அண்ணா, சீக்கிரம்," என்று நான் ஏழாவது தடவை சொன்னபோது அவர் நிதானமாக, "அக்கா, உங்களைவிட இதற்குத்தான் பிடிவாதம் அதிகம்," என்றார். கடைசியில் காய்கறி ஏற்றிப்போன ஒரு டெம்போவை அவரே நிறுத்தி, காலிஃபிளவர் மூட்டைகளுக்கு நடுவே என்னை ஏற்றிவிட்டார்.

பகவந்தி அதே டிரம்முக்கு முன்னால் இருந்தாள். இப்போது ரொட்டி சுடவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எந்தக் கட்டை?"

"கிடங்குப் பலகை. மூட்டைக்கு அடியில் போடுவார்களே, அது. நனைந்துபோயிற்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கன்னா சாகிப். நல்ல சால மரம், நின்று எரியும்."

தரையைக் கழுவினார்கள். சுவரைக் கழுவினார்கள். பலகையைக் கழிவு என்று தூக்கிப் போட்டார்கள். என் பட்டியலில்கூட அது இல்லை. மழைக்காலம் முழுக்க அந்த மருந்துத் தண்ணீரில் ஊறிய மரம். அதை எரித்த புகையில்தான் நான் என் ஈக்களைக் கொண்டுபோய்ச் சூடு காட்டியிருக்கிறேன்.

"தலைவலி எத்தனை நாளாக?"

"பத்து நாள் இருக்கும். வாந்தி வருகிறது. குளிர்தான், வேறென்ன?"

அவளை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னேன். கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. இந்த மருந்துகளோடு வேலை செய்கிற எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் அடையாளம் அது. அவளை எழுப்பி நெருப்பைவிட்டுத் தள்ளி உட்காரவைத்து, குழாயடியில் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, கன்னாவின் அறைக்கு ஓடினேன். என் இந்தி எங்கேயோ போய்விட்டது. தமிழிலும் இங்கிலீஷிலும் ஏதோ சொன்னேன். அவர் வெளியே வந்து பகவந்தியின் கண்ணைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் ஜீப்பை வரவழைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு மருந்து விஷயத்தை நான் சொன்னேன். ஊசி போட்டு, ஒரு நாள் இருக்கட்டும், அந்தப் புகையையும் மரத்தையும் விட்டு விலகினால் சரியாகிவிடும் என்றார். பகவந்தி கட்டிலில் படுத்தபடி கேட்டது ஒன்றுதான்: "மற்ற ஆட்களுக்கு ராத்திரிக்கு யார் ரொட்டி சுடுவார்கள்?"

கிடங்குக்குத் திரும்பி, தரையிலும் சுவரிலும் மறுபடி சுரண்டி, வாசலில் எரியாமல் கிடந்த ஒரு பலகையிலிருந்து சிராயும் சீவி எடுத்துக்கொண்டேன். வீடு திரும்பும் முன்பே கோமதி அக்கா எல்லா அந்துருண்டைகளையும் பொறுக்கிக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் போட்டிருந்தார். சமையலறை மேடையைத் துடைத்துத் தந்து, "இங்கன வை. இன்னைக்கு இந்த அடுப்ப நான் பத்தவைக்க மாட்டேன். பக்கத்து வீட்டுல சோறு சொல்லிட்டேன்," என்றார். விதைக்கு வைத்திருந்த அந்த ஒரு புட்டியில் குளிருக்குத் தப்பியிருந்த எண்பது ஈயையும் நாலாகப் பிரித்தேன். தரை, சுவர், மரம், கன்ட்ரோல்.

நாலாம் நாள் சாயங்காலம் கன்னாவே ஆர்.கே.புரத்துக்கு வந்துவிட்டார். நான் எண்ணிச் சொல்கிறேன் என்றதற்கு, "நானே எண்ணுகிறேன்," என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஏக், தோ, தீன் என்று வாய்விட்டு எண்ணினார். கன்ட்ரோலில் இருபதுக்குப் பத்தொன்பது உயிரோடு. தரைப் புட்டியில் பத்தொன்பது. சுவரில் இருபதும். ஒவ்வொன்றாக அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மரப் புட்டியை எடுத்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. இருபதும் அடியில் மல்லாந்து கிடந்தன. புட்டியைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"தரையும் சுவரும் சுத்தமுங்க. நீங்க கழுவினது சரியாத்தான் இருக்குது," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சங்கரபாண்டியன் இந்தியில் சொன்னார்.

கன்னா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "என் வீட்டுக்கும் நாலு பலகை போயிருக்கிறது," என்றார். "அம்மாவுடைய கட்டிலுக்கு அடியில் அடித்துப் போட்டேன். தொய்ந்துபோயிருந்தது." கோமதி அக்கா நீட்டிய காப்பியை வாங்கி, குடிக்காமல் மேடைமேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

ஐந்தாம் நாள் காலை நான் கிடங்குக்குப் போனபோது வாசலில் பலகைகள் குவிந்திருந்தன. கட்டிலின் குறுக்குச் சட்டம், குடிசைக் கதவு, டீக்கடை பெஞ்சு என்று என்னென்னவோ ஆகியிருந்தவை. டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தர மறுத்துச் சண்டை போட்டாராம். பலகைக்குப் பதில் கரியும், உடைந்த தேயிலைப் பெட்டிகளின் சட்டங்களும் கன்னா ஏற்பாடு செய்திருந்தார். அவர் அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எதற்கும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். பலகைக் குவியலை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்று எழுதி, தரைக்கும் சுவருக்கும் சரி என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். லாரிகள் உள்ளே வர ஆரம்பித்தன. மறுநாள் சாயங்காலம் எனக்கு ரயில். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பகவந்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் கருமணி பழைய அளவுக்கு விரிந்திருந்தது. என்னைக் கையைப் பிடித்துத் தன் குடிசைக்குக் கூட்டிப்போனாள். மூலையில் ஒரு தகர டின். முக்கால் டின் மாவு.

"இது அந்த நெருப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பெரிய பெரிய கிடங்குக்கெல்லாம் உன் ஈயை விட்டுப் பார்த்தாய். இதற்கும் விட்டுப் பார்."

மூடியைத் திறந்து பார்த்தேன். இறுக்கமான மூடிதான். மாவில் ஒன்றும் இருக்காது என்று வாய்வரை வந்தது. பலகையைப் பற்றியும் இப்படித்தான் ஒன்றும் யோசிக்காமல் விட்டேன் என்பதால் சொல்லவில்லை.

உயிரோடு இருந்த ஈக்களில் விஷப் பரிசோதனைக்குள் போகாதவை அந்தக் கன்ட்ரோல் புட்டியின் பத்தொன்பதுதான். பகவந்தியின் மாவில் ஒரு பிடி வாங்கிப்போனேன். ஆர்.கே.புரத்தில் அதைச் சர்க்கரைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு புட்டியில் வைத்துப் பத்து ஈ விட்டேன். கோமதி அக்காவின் மாவை அதேபோலப் பிசைந்து இன்னொரு புட்டியில் ஒன்பது. புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் என்னை வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள். பத்து ஈயை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எங்கள் தலைவருக்கு நான் எழுதிய அறிக்கையில் இந்தச் சோதனை இல்லை.

ஆறாம் நாள் காலை இரண்டு புட்டிகளோடும் போனேன். பகவந்தி வாசலிலேயே நின்றாள். அவள் மாவில் பத்தில் ஒன்பது உயிரோடு இருந்தது. ஒன்று செத்திருந்தது. அவள் அந்த ஒன்றையே பார்த்தாள்.

"இது ஏன் செத்தது?"

"வயதாகியிருக்கலாம். அடிபட்டிருக்கலாம். தெரியாது."

"அந்த இன்னொரு புட்டி?"

"நான் தங்கியிருக்கும் குமாஸ்தா பாபு வீட்டு மாவு."

அவளே வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். எட்டு பறந்துகொண்டிருந்தது. ஒன்று செத்துக் கிடந்தது.

"பாபு வீட்டு மாவிலும் ஒன்று செத்திருக்கிறதே," என்றாள். இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். "அப்படியானால் சரி."

கன்ட்ரோல் என்றால் என்ன என்று புதிதாக வேலைக்கு வருகிற பட்டதாரிகளுக்கு ஒரு வாரம் பாடம் எடுத்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் யாரும் பிடித்ததில்லை.

டின்னைத் திறந்து மாவை எடுத்தாள். பிசைந்தாள். புது நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை. தேயிலைச் சட்டங்கள் ஈரம். ஊதி ஊதி எரியவைத்து, முதல் ரொட்டியைச் சுட்டு, தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். உப்பு குறைவு. முழுதும் சாப்பிட்டேன். இரண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் தனக்கு ஒன்று சுட்டாள்.

சாயங்காலம் சங்கரபாண்டியனும் அக்காவும் ரயிலேற்றிவிட்டார்கள். வண்டி கிளம்பியதிலிருந்து நான் இருக்கையில் நிலைகொள்ளவில்லை. பத்து ஈயை நம்பி ஒருத்திக்கு ஒரு டின் மாவைச் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய்க் கழுவுமிடத்துக் கண்ணாடியில் என் கருமணியைப் பார்த்தேன். விளக்குக்கு நேரே முகத்தைக் காட்டிப் பார்த்தேன், திரும்பி நின்று பார்த்தேன். விரல்களை நீட்டி நடுங்குகிறதா என்று பார்த்தேன். ரயிலில் எல்லாமே நடுங்கியது. மேல்பெர்த்துக்காரர், "உடம்பு சரியில்லையா அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விடிந்து வண்டி இட்டார்சியில் நின்றது. வெயில் ஜன்னலுக்குள் வந்து கையில் விழுந்தது. பிளாட்பாரத்தில் பூரி சுடும் வாசனை. எனக்குத் தாங்க முடியாத பசி.